வரவேற்பறை விருந்தாளிக்கு, கட்டில் பிள்ளையின் வேலைக்கா?



முன்பெல்லாம் நாரி நோ என்று என்னிடம் வரும் எம்மவர்கள் பெரும்பாலும் கடைகளிலும் களஞ்சியங்களிலும் பாரம் தூக்கியவர்கள். 2020 இல் கொரோனா வந்து, வேலையும் படிப்பும் வீட்டுக்குள் புகுந்தபின் இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஒரு பாரமும் தூக்காத இருபது, முப்பது வயதுப் பிள்ளைகள். பிடரி நோ, தோள்மூட்டு நோ, பின்னேரமானால் தலையிடி. இன்றும் வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் நம்மில் பலர்.

"எங்கே இருந்து வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்பேன். "கட்டிலில்தான், டொக்டர்" என்பதே அநேகமாக வரும் பதில். வீட்டில் வேறு இடம் இல்லையா? இருக்கிறது. வரவேற்பறை இருக்கிறது. அது வருடத்தில் நாலைந்து தரம் வரும் விருந்தாளிகளுக்காக அழகாகப் பூட்டியிருக்கிறது. எட்டுப் பேர் இருக்கக்கூடிய சாப்பாட்டு மேசையும் இருக்கிறது. அதன்மேல் பூச்சாடி இருக்கிறது.

குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. 1990 இற்குப் பின் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கின்முன் குனிந்திருந்து மருத்துவம் படித்தவன் நான். அகதியாக லண்டன் வந்து, நாலு பேர் படுத்த ஓர் அறையில், சூட்கேசை மடியில் வைத்து இந்த நாட்டுப் பரீட்சைக்குப் படித்தேன். அதனால்தான் என் மகள் முதன்முதலில் "அப்பா, பிடரி நோகுது" என்றபோது, "நாங்கள் படாத பாடா? கொஞ்சம் பொறு பிள்ளை" என்றேன். மூன்று மாதம் கழித்து ஓர் இரவு, கை விறைத்து நித்திரையில்லாமல் அவள் படியில் குந்தியிருந்ததைக் கண்டேன். வேறொருவரின் பிள்ளை என்றால் முதல்நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை அன்றுதான் அவளிடம் கேட்டேன்.

பொறுமை நம்மைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அன்று நமக்கு வேறு வழி இருக்கவில்லை. வழியில்லாமல் பொறுத்ததை, வழியிருக்கும்போதும் பிள்ளைகளுக்கு முதுசமாகக் கொடுக்கக்கூடாது என்பதே என் கருத்து.

பெரிய செலவு தேவையில்லை. இவற்றைச் செய்து பாருங்கள்:

1. கதிரை: முதுகு முழுவதும் சாய வேண்டும். பாதம் நிலத்தில் படியவேண்டும். எட்டாவிட்டால் காலின்கீழ் ஒரு பெட்டி வையுங்கள். நாரிக்குப் பின்னால் சுருட்டிய துவாய் ஒன்று போதும்.

2. திரை: அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலும், தூரம் ஒரு கை நீளத்திலும் இருக்கட்டும். மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின்மேல் உயர்த்தி, விசைப்பலகையும் மவுசும் வேறாக வாங்குங்கள். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்திருக்கவேண்டும்.

3. வெளிச்சம்: யன்னல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. முன்னால் இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் தெறிக்கும்.

4. எழும்புதல்: மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐந்து பத்து நிமிடம் எழும்பி நடவுங்கள். எவ்வளவு நல்ல கதிரையும் இதற்கு ஈடாகாது. ஆனால் அந்த நடை ஒவ்வொரு தரமும் குசினிக்கும் மிக்சர் போத்தலுக்கும் போவதாக இருக்கக்கூடாது. நீரிழிவு நம் சமூகத்தில் ஏற்கனவே அதிகம்.

இனி, நம்மவர்கள் பேசத் தயங்கும் விடயம். கணினித் திரையில் வேலை செய்பவர்களைப் பாதுகாக்க இந்த நாட்டில் 1992 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகள் உண்டு. நாளாந்தம், தொடர்ச்சியாக ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ திரைமுன் இருக்கும் ஊழியரின் வேலையிடத்தை முதலாளி மதிப்பிட வேண்டும். காணும் ஆபத்தைக் குறைக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். நீங்கள் கேட்டால் கண் பரிசோதனைச் செலவையும் அவரே ஏற்கவேண்டும். இதைச் சொன்னால், "கேட்டால் வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுவார்களோ?" என்கிறார்கள். விசா இல்லாத காலத்துப் பயம் கடவுச்சீட்டு வந்தபின்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. இது பிச்சையல்ல, சட்டம். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். ஆங்கிலம் தடையானால் பிள்ளைகளிடம் எழுதித்தரச் சொல்லுங்கள்.

எல்லா நோவுக்கும் கதிரைதான் காரணம் என்றும் நினைக்கவேண்டாம். கை விறைப்புக்கு நீரிழிவு, தைரொயிட் போன்றவையும் காரணமாகலாம். சில வாரங்களில் குறையாவிட்டால் உங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். நாரி நோவுடன் சலம், மலம் போவதில் கட்டுப்பாடு இழந்தாலோ, சலம் போக முடியாவிட்டாலோ, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்ச்சி குறைந்தாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த வார இறுதியில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பிள்ளையோ, துணைவரோ வேலை செய்யும் இடத்தில் பத்து நிமிடம் நீங்களே இருந்து பாருங்கள். பிறகு வரவேற்பறைக் கதவைத் திறந்து, யன்னலோரம் ஒரு மேசை போடுங்கள். விருந்தாளி வந்தால் மேசையை ஒருபக்கம் ஒதுக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். இதுவரை எந்த விருந்தாளியும் கோபித்துக்கொண்டு போகவில்லை.