ஒப்பரேஷனுக்குப் பணம் சேர்த்தாயிற்று, அடுத்த ஒன்பது மாதத்துக்கு யார் பொறுப்பு?

ஒரு விடயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். கழக நிர்வாகிகளுக்கும், பாடசாலைப் பயிற்றுவிப்பாளர்களுக்கும், சில பெற்றோருக்கும் இது கசக்கும். கசந்தாலும் பரவாயில்லை.

நமது ஊர்களில் ஒரு பையனுக்கு மைதானத்தில் முழங்கால் திரும்பி ஏ.சி.எல். லிகமன்ட் அறுந்தால் ஊரே ஓடி வருகிறது. வட்ஸ்அப் குழுமங்களில் பணம் சேர்கிறது. வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்கள் அனுப்புகிறார்கள். ஒப்பரேஷன் முடிந்த அன்று கட்டுப்போட்ட காலின் படத்தைப் போட்டு, "வெற்றிகரமாக முடிந்தது" என்று எழுதுகிறார்கள். அதோடு எல்லோரும் கலைந்து போகிறார்கள். நான்காம் மாதம் அதே ஆட்கள் மைதான ஓரத்தில் நின்று, "மகன், இப்ப நோவு இல்லத்தானே? செக்கண்ட் ஹாஃப்ல பத்து நிமிசம் மட்டும் இறங்கு" என்கிறார்கள்.

இதற்குப் பெயர் அன்பு அல்ல. ஊர் சேர்த்த காசையும் பையனின் காலையும் ஒன்றாகப் புதைக்கிற வேலை.

ஒப்பரேஷனில் என்ன நடக்கிறது என்பதையாவது விளங்கிக் கொள்ளுங்கள். பெரும்பாலும் பையனின் தொடையின் பின்புறத்திலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு தசைநாண் துண்டை எடுத்து, எலும்பில் துளையிட்டு, அறுந்த லிகமன்டின் இடத்தில் பொருத்துகிறார்கள். பொருத்திய அன்று அது லிகமன்ட் அல்ல. இரத்த ஓட்டம் இல்லாத ஒரு நாண் மட்டுமே. உடம்பு அதற்குள் புதிய இரத்தக் குழாய்களை வளர்த்து, மெல்ல மெல்ல அதை லிகமன்டாக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தின் ஆரம்ப மாதங்களில் நாண் மேலும் பலவீனமாகிறது. ஆனால் நோவும் வீக்கமும் அதற்குள் குறைந்துவிடும். ஆக, பையன் "சுகம்" என்று சொல்லும் நேரத்தில் உள்ளே வேலை பாதிகூட முடிந்திருக்காது. நோவு இல்லை என்பது மைதானத்துக்குள் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

இது என் கற்பனையல்ல. 2016இல் நோர்வே ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் முழங்கால் உபாதைக்குள்ளாகும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2020இல் வெளிவந்த சுவீடன் ஆய்வில், ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பிய இளம் வீரர்களுக்கு மீண்டும் லிகமன்ட் அறுகிற வீதம் ஏறத்தாழ ஏழு மடங்காக இருந்தது. "பத்து நிமிசம் மட்டும்" என்பதன் விலை இதுதான்.

பிரேசிலின் ரொனால்டோவை எங்கள் தலைமுறை மறக்காது. அவருக்குப் போனது ஏ.சி.எல். அல்ல, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாண். ஆனால் பாடம் ஒன்றுதான். 1999 நவம்பரில் உபாதை, சத்திரசிகிச்சை. ஐந்து மாதம் முடிவதற்குள், 2000 ஏப்ரலில், லாசியோவுக்கு எதிராக மாற்று வீரராக இறக்கினார்கள். சில நிமிடங்களிலேயே அதே கால் முற்றாகப் போனது. அதன் பிறகு ஏறத்தாழ ஒன்றரை வருடம் பொறுத்துத்தான் திரும்பினார். 2002 உலகக் கிண்ணத்தில் எட்டுக் கோல்கள் அடித்தார். அந்தக் கோல்களை அடித்தது பொறுமை.

வேர்ஜில் வான் டைக் 2020 ஒக்டோபரில் ஏ.சி.எல். உபாதைக்குள்ளானார். 2021 ஜூனில் யூரோ கிண்ணம். நெதர்லாந்தின் தலைவர் அவர். போகவில்லை. ஓகஸ்டில்தான் லிவர்பூலுக்காகப் போட்டியில் இறங்கினார். அவருக்கு யூரோ கிண்ணத்தை விட முடிந்ததென்றால், நமது பெருநாள் கிண்ணத்தை விட முடியாதா?

"சேர், அவங்களுக்கு மெஷின் இருக்கு, டொக்டர் இருக்கு, நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். மெஷின் இல்லைதான். ஆனால் முதல் வாரங்களில் செய்ய வேண்டியதற்குச் சுருட்டிய ஒரு துவாயே போதும்: குதிக்காலுக்குக் கீழே வைத்து முழங்காலை முழுதாக நீட்டப் பழக வேண்டும், தொடையின் முன்தசையை இறுக்கப் பழக வேண்டும். பிறகு கதிரையில் இருந்து எழுதல், படி ஏறி இறங்குதல், ஒற்றைக் காலில் நிற்றல். அதற்கும் பிறகுதான் நேராக ஓட்டம், பாய்ச்சல், கடைசியாகத் திடீர்த் திருப்பம். ஒவ்வொரு கட்டமும் எப்போது என்பதைப் பிசியோதெரபிஸ்ட் தீர்மானிக்க வேண்டும்; அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. அங்கு போய்வர பஸ் காசும், கூடவே போக ஓர் ஆளும்தான் இல்லை. ஒப்பரேஷனுக்கு இலட்சக்கணக்கில் சேர்த்த ஊருக்கு இது பெரிய தொகையா?

கடைசிச் சோதனைகளில் ஒன்றை அளவு நாடா கொண்டே பார்க்கலாம். நல்ல காலால் ஒற்றைக் காலில் 150 செ.மீ. பாய்பவன், ஒப்பரேஷன் செய்த காலால் குறைந்தது 135 செ.மீ. பாய வேண்டும். அதாவது 90 வீதம். தொடையின் பலமும் அதே அளவு வர வேண்டும். மாதம் ஒன்பது ஆனாலும் இது வரவில்லையென்றால் இறங்கக் கூடாது.

இன்னொரு வாதமும் வரும்: "மாகாண மட்டப் போட்டி வருது, அடுத்த வருசம் வயதுப் பிரிவு தாண்டிடும், சேர்டிபிகட் போயிடும்." இதை நான் இலேசாக எடுக்கவில்லை. அந்தச் சான்றிதழ் ஓர் ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு பெரியது என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியும். ஆனால் 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்புபவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மீண்டும் ஒரு லிகமன்ட் அறுகிறது. அதே காலிலோ மற்றக் காலிலோ. இரண்டாவது தடவை அறுந்தால் சான்றிதழும் இல்லை, காலும் இல்லை, சேர்த்துக் கொடுக்க ஊரும் இல்லை.

ஆகவே மூன்று விடயங்கள்.

1. பாடசாலையோ கழகமோ, பிசியோதெரபிஸ்ட் அல்லது வைத்தியரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அந்தப் பையனின் பெயரை அணியில் எழுதக் கூடாது.

2. ஒப்பரேஷனுக்குச் சேர்க்கும் நிதியில் ஒரு பங்கை ஒன்பது மாதப் போக்குவரத்துக்கென்று முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

3. அந்த ஒன்பது மாதமும் பையனை அணியிலிருந்து விலக்காதீர்கள். புள்ளி எழுதட்டும், சின்னவர்களைப் பழக்கட்டும். தனித்து விடப்படும் பையன்தான் அவசரப்பட்டு இறங்குகிறான்.

இதை உங்கள் கழகக் குழுமத்தில் போடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசலாம். ஆனால் "நோவு இல்லத்தானே" என்று மட்டும் எழுத வேண்டாம்.