பயிற்சி முதலில், பட்டம் பிறகு: தொழிற்பழகுநர் வழி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

பத்தாம் வகுப்புக்குப் பின் அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் பிரிவு, அதன்பின் ஒரு தொழிற்சாலையில் ஓராண்டு அப்ரண்டிஸ் என்று வந்த இளைஞருக்கு வயது பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். அவருடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்போது கல்லூரியில் முதலாண்டைத்தான் முடித்திருப்பார். இருவரில் முதலாமவர் ‘படிப்பு ஏறாதவர்’ என்றும் இரண்டாமவர் ‘படிக்கிற பையன்’ என்றும் ஊரில் பேசப்படுகிறார்கள். முறையாகப் பதிவான தொழிற்பழகுநர் பயிற்சியை எடுத்தவர் படிப்பின் வரிசையை மாற்றிக்கொண்டவரே தவிர, படிப்பைக் கைவிட்டவர் அல்லர் என்பது இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு. அந்த வரிசையை மாணவர் தாமே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மேலே ஏறும் படியும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் இவ்வமைப்பு இந்த வழியை ஆதரிக்கவில்லை.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். தொடக்கத்தில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் போன்ற பிரிவுகளோடு நின்ற அது, 1973 திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும், 2014 திருத்தத்தால் பிற பட்டதாரிகளையும் உள்ளே கொண்டுவந்தது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அதே விதிகள் குறைந்தபட்ச மாத உதவித்தொகையை ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று வகுத்தன. இத்தொகையை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் பரிந்துரைத்தது. சென்னையிலோ கோவையிலோ அறை எடுத்துத் தங்கும் ஒருவருக்கு 7,000 ரூபாய் எத்தனை நாள் வரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கல்லூரியே பாதுகாப்பான வழி என்ற நம்பிக்கைக்கு நியாயமான காரணம் உண்டு. உயர்கல்வியில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இது தலைமுறைகள் போராடிப் பெற்றது. ஆனால் பட்டம் வேலையைத் தானாகக் கொண்டுவருவதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கை, 2022-இல் இந்திய இளைஞர்களில் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே அது 3.4. பட்டம் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. ஏழை வீட்டுப் பிள்ளை கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறது. பட்டதாரி, படிப்புக்கேற்ற வேலை வரும்வரை காத்திருக்கிறார். காத்திருக்க வசதியில்லாத குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத்தான் அந்தக் காத்திருப்பு கடனாக மாறுகிறது. அவரைப் போன்றவருக்கு, கற்கும்போதே சிறிதாவது வருமானம் தரும் வழி கணக்கில் வர வேண்டும்.

அப்ரண்டிஸ் என்ற சொல்லுக்குள்ள தாழ்வு தொழிலைப் பொறுத்தே ஒட்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் பட்டம் எதுவும் இல்லாமலே சி.ஏ. தேர்வுகளை எழுதி, ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்து, பட்டயக் கணக்காளர் ஆகலாம். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் அந்தப் பயிற்சிக் காலம் இரண்டாண்டு. அதுவும் பழகுநர் பயிற்சியே. சொற்ப உதவித்தொகைக்குக் கோப்பு தூக்குவதும் அதில் உண்டு. ஆனால் ‘பையன் ஆர்ட்டிகிள்ஸ் சேர்ந்திருக்கான்’ என்று சொல்லும் வீடு குரலைத் தாழ்த்துவதில்லை. முடிவில் ஒரு சங்கத்தின் உறுப்பினர் தகுதியும் கையெழுத்திடும் உரிமையும் இருப்பதால்தான் அந்த மரியாதை. லேத் முன்னால் நின்று கற்றவருக்கும் அதற்கு இணையான ஒரு முடிவு தெரிந்தால் பேச்சு மாறும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு நினைவும் உண்டு. ராஜாஜி ஆட்சியில் 1953-இல் வந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதைப் பெற்றோரின் தொழிலில் கழிக்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெயர் பெற்று, கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954-இல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுக்குப் பிறகும் அந்த விவாதம் முடியவில்லை. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை 18 வயதில் குடும்பத் தொழிலுக்குள் தள்ளுவது என்று சொல்லி மாநில அரசு மறுத்தது; அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயதை 35 என வைத்தது. அந்த அச்சத்தை இவ்வமைப்பு பழைய கதை என்று ஒதுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் ‘நீ ஐ.டி.ஐ.க்குப் போ’ என்று சொல்லும் ஆசிரியர், அதையே வசதியான வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதில்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் காக்கப் பிள்ளைகளைக் கழித்துவிடும் வழியாகத் தொழிற்பயிற்சி பயன்படும் இடத்தில், அதற்குத் தேர்வு என்ற பெயர் பொருந்தாது.

பயிற்சி என்ற சொல் வேறு விதமாகவும் கெட்டிருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் பதின்வயதுப் பெண்கள் மூன்றாண்டுக்கு அப்ரண்டிஸ்களாக எடுக்கப்பட்டனர். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்பது வாக்குறுதி. நடந்தது, விடுதிக்குள் அடைத்து வைத்த குறைகூலி உற்பத்தி. பல பெண்கள் நோயாலும் களைப்பாலும் நடுவில் வெளியேறி, அந்தத் தொகையையும் இழந்தார்கள். இன்றும் ‘டிரெய்னி’ அட்டையுடன் உற்பத்தி வரிசையில் நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்பவர்கள் உண்டு. சட்டத்தின் 18-ஆம் பிரிவு பழகுநரைத் தொழிலாளியாகக் கருதாததால், தொழிலாளர் சட்டங்கள் பெரும்பாலும் அவருக்குக் கைகொடுப்பதில்லை. வேலையிட விபத்துக்கு இழப்பீடு உண்டு. அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. இந்த இரண்டும்கூட ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகியிருந்தால்தான் எளிதில் கேட்டுப் பெற முடியும். ஆகவே சேருமுன் பார்க்க வேண்டியது நிறுவனத்தின் பெயரை அல்ல, ஒப்பந்தப் பதிவு எண்ணை. அடுத்து, என்னென்ன கற்றுத் தரப்படும் என்ற பாடத்திட்டம். அதன்பின், முடிவில் தேர்வும் தேசியச் சான்றிதழும் உண்டா என்பது.

மேலேறும் படிகள் ஓரளவு ஏற்கெனவே இருக்கின்றன. பலருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாமாண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாமாண்டில் சேரலாம். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்றவற்றில், வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கும் பகுதிநேர பி.இ. நெடுங்காலமாக நடக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஐ.டி.ஐ. முடித்தவர்களோடு பள்ளிப்படிப்பு மட்டும் உள்ளவர்களையும் பழகுநராக எடுக்கிறது. ரயில்வே கடைநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு பயிற்சி முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்குச் சட்டப்படி இல்லை. ஆனால் மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியது.

இவற்றின் அடிப்படையில் இவ்வமைப்பு கோருவது சில. உதவித்தொகையின் அடிமட்டம், திறன்சாராத் தொழிலாளிக்கு மாநில அரசு அறிவிக்கும் குறைந்தபட்சக் கூலியோடு இணைக்கப்பட வேண்டும். அது உயரும்போது இதுவும் உயர வேண்டும். பயிற்சிக் காலம் பாலிடெக்னிக்கிலும் பகுதிநேரப் பட்டத்திலும் கிரெடிட்டாகவும் பணி அனுபவமாகவும் எண்ணப்பட வேண்டும். தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்ற மாநில நிறுவனங்கள், தாம் பயிற்றுவித்தவர்களுக்கு ரயில்வேயைப் போல நிலையான ஒதுக்கீடு தர வேண்டும்.

பெண்களைப் பொறுத்தவரை தடை பெரும்பாலும் தொழிலில் இல்லை. ஷிப்டு முடிந்து தங்கும் இடத்திலும் திரும்பும் பேருந்திலும் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் போன்ற தொழிற்பேட்டைகளில் அரசின் பணிபுரியும் மகளிர் விடுதிகள் பழகுநர்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அந்த விடுதிகளை நடத்தும் பொறுப்பு எந்த ஆலையிடமும் இருக்கக் கூடாது.