கடைமடைக்கு வராத 1098

கல்லணையில் மதகைத் தூக்கி, பூத்தூவி, படமெடுத்துக்கொண்டு கார் ஏறிவிடுவார்கள். பேராவூரணிப் பக்கத்துக் கடைமடையில் வாய்க்கால் காய்ந்தே கிடக்கும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐத் தொண்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கி, 112 அவசர எண்ணோடு முடிச்சுப் போட்டு, மாவட்ட அலுவலகங்களின் தலையில் கட்டிய 2023-ஆம் ஆண்டு முடிவும் அப்படியொரு திறப்பு விழாதான். எண் அதேதான்; எடுக்கும் ஆள் வேறு.

இதில் கைவிடப்பட்டவர்களில் ஒருவரை யாரும் நினைத்தே பார்க்கவில்லை. அவர் பல் மருத்துவர்.

பிள்ளையை அடிக்கிற கை முதலில் போவது கன்னத்துக்குத்தான். அடம்பிடிக்கும் வாயில் கரண்டியைத் திணித்தால், மேலுதட்டை ஈறோடு பிணைக்கும் மெல்லிய சவ்வு கிழியும். கன்றிப்போன விரல் தடம், உள்ளுதட்டில் சூட்டுக் காயம், விழுந்ததாகச் சொல்லப்படும் உடைந்த முன்பல் எல்லாம் அந்த நாற்காலியில்தான் வந்து உட்காருகின்றன. அமெரிக்காவில் சந்தேகம் வந்தாலே பல் மருத்துவர் புகார் செய்தாக வேண்டும்.

இங்கே? மத்திய அரசே 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007-இல் அறிக்கை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டோர் பாலியல் சீண்டலுக்கு ஆளானவர்கள். மூன்றில் இருவர் அடிபட்டவர்கள். 2012 போக்சோ சட்டம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பாலியல் குற்றத்தை அறிந்தும் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. மருத்துவர் மறைப்பது கடுங்குற்றம் என்று உச்ச நீதிமன்றமும் 2022 நவம்பரில் சந்திரபூர் விடுதிச் சிறுமிகள் வழக்கில் சொல்லிவிட்டது. சரி. குடித்துவிட்டு வந்த அப்பன் பல்லை உடைத்திருந்தால்? சிறார் நீதிச் சட்டம் கொடுமைக்கு மூன்றாண்டு தண்டனை வைத்திருக்கிறது. பார்த்தவர் சொல்லியாக வேண்டும் என்று வைக்கவில்லை. தொலைந்துபோன பிள்ளையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமாம். வீட்டுக்குள்ளேயே தொலைந்த பிள்ளைக்குக் கெடுவே கிடையாது.

இந்த ஓட்டையைக் கொஞ்சமாவது அடைத்திருந்தது பழைய 1098. பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் கிளினிக் வைத்திருப்பவருக்குக் காவல் நிலையம் என்றாலே கோர்ட், சாட்சி, அந்த அப்பனின் பங்காளிகள் என்று வரிசையாகக் கண்முன் வரும். 1098-க்குப் பேசினால் காக்கி போடாத ஒருவர் பிள்ளையைப் பார்க்க வருவார் என்ற தைரியம் இருந்தது. 1996-இல் மும்பைத் தெருப்பிள்ளைகளோடு பழகத் தொடங்கிச் சேர்த்த நம்பிக்கை அது. காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே இணைப்பில் வந்தால் விரைவு என்று சொல்லி அதைக் கோப்புக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

தீயணைப்பைப் பற்றி இந்த அதிகார நாற்காலிகள் பேசுவதுதான் வேடிக்கை. 2001-இல் ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகைக்குள் சங்கிலியோடு 28 மனநோயாளிகள் எரிந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்தது. கீற்று தீப்பிடிக்கும் என்பது அப்போதும் உறைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம். 94 பிள்ளைகளைப் புதைத்த பிறகுதான் பள்ளிக்கூடக் கூரைகளை இறக்கச் சொல்லி உத்தரவு பறந்தது. உடைந்த பல்லுக்கு எத்தனை பிள்ளைகளைக் கணக்குக் காட்ட வேண்டும்?

பல் மருத்துவரையும் சேர்த்து ஏதாவது ஒரு ஏற்பாடு வேண்டும். எப்படி என்பதை, இம்முறையாவது நாலு பேரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். 1098 கைமாறிய அதே ஆண்டில்தான் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அதன் முதல் அணி படிப்பை முடித்து வருவதற்குள்ளாவது, யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.