மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதல் வாரண்டி தேவையா?

ஆவடிக்கு வடக்கே கோவில்பதாகை, வெள்ளானூர், மோரை, பாண்டேஸ்வரம் முதலிய ஊர்களில் வீட்டு மனைகளாக மாறியது போக மிச்சமிருக்கும் நிலத்தில் நெல்லும் கீரையும் காய்கறியும் பயிர் செய்து வரும் சிறு விவசாயிகளுக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. விடியற்காலையில் கீரைக்கட்டைச் சந்தைக்குச் சுமப்பது அதுதான். பால் கேனைச் சொசைட்டிக்குக் கொண்டு போவதும், உர மூட்டையை வயலுக்குச் சேர்ப்பதும் அதுதான். ஏர் மாட்டைப் போல அதுவும் வீட்டில் உழைக்கும் ஒரு ஜீவன் என்றே சொல்லலாம். அது நான்கு நாள் படுத்துவிட்டால் பறித்த கீரை வாடிப் போகும். ஆட்டோவுக்குக் கொடுத்தது போக லாபம் எதுவும் மிஞ்சாது.

இந்தப் பயத்தை வைத்துத்தான் வண்டி விற்கும் இடத்தில் "கூடுதல் வாரண்டி" என்ற ஒன்றும் விற்கப்படுகிறது. கம்பெனி தரும் வாரண்டி முடிந்த பிறகு மேலும் சில ஆண்டுகளுக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் வாங்கப்படுகிறது. அறுவடைப் பணத்தையோ நகைக் கடனையோ கையில் வைத்துக்கொண்டு, வண்டிக்கு மாலை போட்டு நிற்கும் நேரத்தில், "ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான், போட்டு விடலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

கூடுதல் வாரண்டியே ஏமாற்று வேலை என்று சொல்வது சரியல்ல. சிலருக்கு அது உண்மையிலேயே பயன்படும். ஆனால் வண்டி எடுக்கும் அன்றே, நிபந்தனைகளைப் படிக்காமல், கடனோடு சேர்த்து வாங்குவது பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு வீண் செலவாகவே முடியும். அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

எது கட்டாயம்? எது விருப்பம்?

ஷோரூமில் எழுதித் தரும் மொத்த விலையில் பல செலவுகள் அடங்கியிருக்கும். வண்டியின் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஆகியவை தவிர்க்க முடியாதவை. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும். கூடுதல் வாரண்டி அப்படிப்பட்டது அல்ல. வருடாந்தர சர்வீஸ் ஒப்பந்தம், சீட் கவர், கம்பித் தடுப்பு போன்றவையும் அப்படியே. இவை வாங்குபவரின் விருப்பம்.

கூடுதல் வாரண்டி எடுத்தால்தான் வண்டி தருவோம் என்று யாராவது சொன்னால் அதற்கு இணங்க வேண்டியதில்லை. ஒரு பொருளை வாங்க மற்றொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நிர்ப்பந்திப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான வணிக முறையாகும். மொத்த விலையை இனம் இனமாகப் பிரித்து எழுதித் தரும்படி கேட்டு வாங்குவதே விவசாயி செய்ய வேண்டிய முதல் வேலை.

கையில் ஏற்கெனவே இருக்கும் வாரண்டி

வண்டியுடன் தரும் கையேட்டில் கம்பெனியின் வாரண்டி எவ்வளவு காலத்திற்கு என்பது அச்சிடப்பட்டிருக்கும். இது எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. உதாரணமாக, ஹீரோ கம்பெனி தன் மோட்டார் சைக்கிள்களுக்கு 5 ஆண்டு அல்லது 70,000 கிலோமீட்டர் என்று கொடுக்கிறது. 3 ஆண்டு மட்டும் தரும் கம்பெனிகளும் உண்டு. இதில் "அல்லது" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு வாரண்டி முடிந்துவிடும்.

கோவில்பதாகையிலிருந்து கோயம்பேடு மார்க்கெட்டுக்குத் தினமும் கீரை கொண்டு போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போக வர 40 கிலோமீட்டர் என்று வைத்தால், வருடத்தில் 300 நாளைக்கு 12,000 கிலோமீட்டர் ஆகும். வாரண்டி 3 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர் என்று இருந்தால் அவருக்கு இரண்டரை வருடத்திலேயே அது தீர்ந்துவிடும். இன்னொருவர் வீட்டுக்கும் வயலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் தினம் 10 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவர் வண்டி 5 வருடத்தில் 15,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். 5 ஆண்டு வாரண்டி உள்ள வண்டியை வாங்கி, அதற்கு மேலும் கூடுதல் வாரண்டி எடுத்தால், அவர் இன்று கொடுக்கும் பணத்திற்கு ஆறாம் வருடம் முதல்தான் பலன் தொடங்கும்.

அந்த 1,500 ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் 5 வருடம் போட்டு வைத்தால் ஏறக்குறைய 2,100 ரூபாயாகும். அதையே வண்டிக் கடனோடு சேர்த்துவிட்டால் அந்த 1,500-க்கும் இவரே வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

எதற்குக் கிடைக்கும்? எதற்குக் கிடைக்காது?

வாரண்டி என்பது தயாரிப்பில் அல்லது உலோகத்தில் உள்ள குறைக்கு மட்டுமே. இன்ஜின் உள்பாகங்கள், கியர் பெட்டி போன்றவற்றில் அத்தகைய குறை ஏற்பட்டால் மாற்றித் தருவார்கள். தேய்மானத்திற்கு அது பொருந்தாது.

விவசாயியின் வண்டியில் அடிக்கடி செலவு வைப்பவை எவை? பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், செயின், பற்சக்கரம், டயர், டியூப், கேபிள், பல்பு, பிளக், பில்டர், ரப்பர் புஷ். இவை பெரும்பாலும் எந்த வாரண்டியிலும் அடங்குவதில்லை. பேட்டரிக்கும் டயருக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனிகளின் தனி உத்தரவாதம்தான். வரப்பிலும் குண்டும் குழியுமான பாதையிலும் ஓடும் வண்டிக்கு முதலில் தேய்வது இவைதான் என்பதை அனுபவத்தில் எல்லோரும் அறிவார்கள்.

இன்னும் முக்கியமானது, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் வாரண்டி செல்லாது என்ற நிபந்தனையாகும். வாடகைக்கோ வணிகத்திற்கோ பயன்படுத்தினால் செல்லாது என்றும் சில திட்டங்களில் இருக்கும். இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு மூட்டையும் கட்டிச் செல்பவர் இந்த இரண்டு நிபந்தனைகளிலும் அகப்பட்டுக்கொள்ளலாம். கேன் மாட்டுவதற்காகச் சட்டத்தில் இரும்புக் கம்பியைப் பற்றவைத்திருந்தாலும், வயரை வெட்டிக் கூடுதல் விளக்கு போட்டிருந்தாலும் அதைக் காட்டியே மறுக்க இடமுண்டு. வண்டியை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை வாங்கும்போதே மறைக்காமல் சொல்லி, அதற்கு வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்பது நல்லது. வாய் வார்த்தையாக "எல்லாம் கிடைக்கும்" என்று சொல்வது பின்னால் உதவாது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

கூடுதல் வாரண்டியின் உண்மையான விலை ரசீதில் எழுதியிருக்கும் தொகை மட்டுமல்ல. அது செல்லுபடியாக வேண்டுமானால், குறித்த காலத்தில், குறித்த கிலோமீட்டரில், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்திலேயே சர்வீஸ் செய்து பில் வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் வாரண்டி போய்விடக் கூடும்.

ஊர் மெக்கானிக்கிடம் ஆவதைவிட அங்கே ஒரு சர்வீஸுக்கு 600 ரூபாய் அதிகம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்திற்கு மூன்று சர்வீஸ் என்றால் 1,800 ரூபாய். கூடுதல் வாரண்டிக் காலம் 3 வருடம் என்றால் 5,400 ரூபாய். வாரண்டிக்குக் கொடுத்த 1,500-ஐயும் சேர்த்தால் 6,900 ரூபாய். இது உதாரணக் கணக்குதான். அவரவர் பில்லை வைத்து அவரவர் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் 1,500 ரூபாய் என்று நினைத்து வாங்கியதன் அசல் விலை இவ்வளவு தூரம் ஏறும் என்பது நினைவிருக்க வேண்டும். இன்ஜின் வேலை வந்தால் 8,000 ரூபாய் ஆகலாம் என்பது உண்மைதான். ஆனால் அது வந்தால்தான் செலவு. இந்த 6,900 நிச்சயமான செலவு.

சர்வீஸ் நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் இதில் சேரும். கோவில்பதாகையில் இருப்பவருக்கு ஆவடி பக்கத்தில்தான். உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்தாருக்கு வண்டியை விட்டு, காத்திருந்து, எடுத்து வர ஒரு நாள் வேலை கெடும். அந்த நாள் கூலியையும் கணக்கில் எழுத வேண்டும்.

யார் வாங்கலாம்?

டி.வி.எஸ். 50 வண்டி 1980-இல் வந்தபோது அதன் கார்புரேட்டரைத் தெரு முனை மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வைத்துக்கொண்டே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடுவார். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டரும், அதை நடத்தும் மின்னணுப் பெட்டியும், சென்சார்களும் வந்துவிட்டன. இவை கெட்டால் பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே வழக்கமாக இருக்கிறது, விலையும் அதிகம். கூடுதல் வாரண்டிக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான காரணம் இதுதான்.

ஆகவே, கம்பெனி வாரண்டி குறைவாக உள்ள வண்டியை வாங்கி, தினமும் நீண்ட தூரம் ஓட்டி, சர்வீஸ் நிலையம் பக்கத்திலேயே இருந்து, எப்படியும் அங்கேதான் சர்வீஸ் செய்யப் போகிறவர் கூடுதல் வாரண்டி வாங்கலாம். ஆனால் அவரும் இன்ஜெக்டர், மின்னணுப் பெட்டி, சென்சார் ஆகியவை அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். இன்ஜின் மட்டும் என்றிருந்தால் அந்த வாரண்டியால் பெரிய பயன் இல்லை. 5 ஆண்டு வாரண்டி உள்ள வண்டியை வாங்கிக் குறைந்த தூரம் ஓட்டுகிறவரும், ஊர் மெக்கானிக்கிடமே வேலை பார்ப்பவரும் வாங்க வேண்டியதில்லை.

இரண்டுங்கெட்டான் நிலையில் உள்ளவர்கள் அவசரப்படத் தேவையில்லை. பல திட்டங்களில் வண்டி எடுத்த பிறகும் சேரலாம். ஹோண்டா கம்பெனி 2023-இல் அறிவித்த திட்டத்தில், 250 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு வாங்கிய 91-ஆம் நாளிலிருந்து 9-ஆம் ஆண்டு வரை கூடுதல் வாரண்டி எடுக்க வழி செய்து, மொத்தம் 10 ஆண்டு வரை உத்தரவாதம் தந்தது. கடைசித் தேதி எது, நாளாக நாளாகத் தொகை எவ்வளவு கூடும் என்று கேட்டு எழுதிக்கொண்டு, வண்டியைச் சில மாதம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

வெள்ளத்திற்கு வாரண்டி இல்லை

ஆவடிப் பகுதி 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மிதந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீரில் மூழ்கி இன்ஜின் கெட்டால் கம்பெனி வாரண்டியும் உதவாது, கூடுதல் வாரண்டியும் உதவாது. திருட்டுக்கும் விபத்துக்கும் அப்படியே. சொந்தச் சேதத்திற்கான இன்சூரன்ஸ்தான் அதற்குப் பொருந்தும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 5 ஆண்டுக்கு இருப்பதால், எல்லாம் 5 ஆண்டுக்கு இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சொந்தச் சேதத்திற்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்திற்குத்தான் போடப்படுகிறது. முதல் வருடம் முடிந்ததும் அது காலாவதியாகிவிடும். ஏரிக்கரையிலும் தாழ்வான இடத்திலும் குடியிருப்பவர் கையில் ஓர் ஆயிரம் ரூபாய் மீதமிருந்தால், கூடுதல் வாரண்டியைவிட இந்த இன்சூரன்ஸைப் புதுப்பிப்பதே முதல் கடமை. மூழ்கிய வண்டியை உதைத்துக் கிளப்பிப் பார்க்கவும் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் இன்ஜினை உடைத்துவிடும். இன்சூரன்ஸ் கிடைப்பதும் சிக்கலாகும்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

கூடுதல் வாரண்டிச் சீட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டிக் கம்பெனியே கொடுப்பதா, வேறு ஒரு நிறுவனம் கொடுப்பதா என்பது முக்கியம். தொடங்கும் தேதி, முடியும் தேதி, கிலோமீட்டர் வரம்பு, கூலிக்கும் சேர்த்தா உதிரிப் பாகத்திற்கு மட்டுமா, வண்டியை விற்றால் வாங்குபவருக்கு மாறுமா ஆகியவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரசீது, சீட்டு, சர்வீஸ் பில் எல்லாவற்றையும் பட்டா, சிட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

நியாயமாகக் கிடைக்க வேண்டியதை மறுத்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

சந்தையில் மாடு பிடிக்கும் விவசாயி பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்க வைத்தும் பார்ப்பார். அந்த விழிப்பில் பாதியையாவது ஷோரூமில் நீட்டும் காகிதத்திடமும் காட்ட வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்து வந்து, படித்த பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்து, பயன் உண்டென்றால் வாங்கலாம். அந்த நாள் வரும் வரை பணம் விவசாயியின் கையிலேயே இருக்கட்டும்.