பட்டறை பெற்ற பிள்ளை

ராக்கெட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வந்து நிற்பவர், கண்ணாடி அணிந்து கரும்பலகை நிறையக் கணக்கெழுதும் விஞ்ஞானிதான். வல்லரசுகள் ஆடும் அந்த ஆடுகளத்திலே, கையில் எண்ணெய்க் கறை படிந்த தொழிலாளிக்கு என்ன வேலை என்று கேட்போரும் உளர். அவர்களை நியூசிலாந்தின் பக்கம் சற்றே திரும்பிப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.

ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை. ஆட்டு ரோமத்துக்கும் பாலுக்கும் பேர்போன நாடு. அதன் கிழக்குக் கரையிலே, மாகியா தீபகற்பத்திலிருந்து, 2017 மே மாதம் ‘எலக்ட்ரான்’ எனும் ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பிற்று. விண்வெளியை எட்டிற்று, ஆனால் பூமியைச் சுற்றும் பாதையை அடையுமுன் பறப்பை நிறுத்த நேர்ந்தது. காரணம் என்ன? ராக்கெட்டிலே பழுதில்லை. தரையில் இருந்த தகவல் வாங்கும் கருவி ஒன்றைச் சரிவர அமைக்காததால் செய்தித் தொடர்பு அறுந்தது! 2018 ஜனவரியில் இரண்டாம் முறை ஏவினர், வென்றனர். 2022-இல் நாசாவின் ‘கேப்ஸ்டோன்’ கலம் நிலவை நோக்கிப் புறப்பட்டதும் அதே கரையிலிருந்துதான்.

தரையில் நின்று ஒரு கருவியை அமைக்கும் கை தவறினால், விண்ணிலே பறப்பதும் வீழும். இதைவிடத் தெளிவாகத் தொழில்திறனின் மதிப்பை யார் எடுத்துரைக்க முடியும்?

ராக்கெட் லேப் எனும் அந்த நிறுவனத்தை 2006-இல் தொடங்கிய பீட்டர் பெக், பல்கலைக்கழகத்தில் பயின்று வந்தவரல்லர். டுனெடின் நகரில், வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஆலையிலே டூல் அண்டு டை தொழில் கற்கச் சேர்ந்த அப்ரண்டிஸ்!

எலக்ட்ரானின் உடல் கார்பன் இழையால் ஆனது. இழையை அச்சின் மீது அடுக்கி, பிசினோடு சேர்த்துச் சூட்டிலே இறுக வைக்கும் வேலை, பந்தயப் பாய்மரப் படகு கட்டும் பட்டறைகளில் அந்நாட்டார் நெடுங்காலம் பழகிய வேலை. அடித்தட்டிலே 9 எஞ்சின்கள். அவற்றின் முக்கியப் பாகங்கள் முப்பரிமாண அச்சிலே உருவாகின்றன. எரிபொருளை உந்தும் பம்புகள் பேட்டரி மின்சாரத்தில் ஓடுகின்றன. கணக்கிட்டுத் தரும் பொறியாளர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பொருளாக்க பிட்டர் வேண்டும், வெல்டர் வேண்டும், எலக்ட்ரீஷியன் வேண்டும், மயிரிழைப் பிசகையும் கண்டு பிடிக்கும் சோதனையாளர் வேண்டும். தேரை வரைந்தவன் மட்டும் இழுத்தால் தேர் நிலை சேருமா?

இன்னொன்றையும் சொல்லாதிருக்க முடியாது. இன்று அந்நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது கலிபோர்னியாவில். 2021 முதல் அதன் பங்குகள் விலைபோவது அமெரிக்கச் சந்தையில். ஏவுதளம் நிற்பதோ, மாவோரி மக்களிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற நிலத்தில். சிறிய நாட்டிலே கைத்திறன் இருக்கிறது, பெருமுதல் இல்லை. முதலைத் தேடிப் போகும்போது உரிமையும் கடல் கடந்துவிடுகிறது. வேலை கிடைத்ததே என்று மகிழலாம், அதோடு கண்ணயர்ந்துவிடலாமா?

ஆகவே நாம் கூறுவது இது: விண்வெளித் தொழிலில் இறங்கும் எந்தச் சிறிய நாடும், ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டுமுன் தொழிற்பயிற்சிக் கூடத்துக்கு அடிக்கல் நாட்டட்டும். தொழில் பயிலும் இளைஞனுக்கு வயிறு வாடாத கூலி, எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ், திறமை காட்டினால் பொறியாளர் நாற்காலி வரை ஏறிச்செல்லத் தடையில்லாத படிக்கட்டு — இம்மூன்றும் சலுகையாக அல்ல, உரிமையாகக் கிடைக்கட்டும். அந்நியக் கம்பெனி வந்தால் வரட்டும். அது ஈட்டும் லாபத்தில் ஒரு பங்கு அந்தப் பயிற்சிக் கூடங்களுக்கு வந்து சேரும்படி சட்டம் இருக்கட்டும். கம்பெனி நாளைக்குக் கப்பலேறிப் போகலாம். தொழிலாளியின் கையிலே ஏறிய திறமை நாட்டிலேயே நிற்கும்.

லேத்தின் முன் நிற்கும் தோழரே! உமது கையிலுள்ள மைக்ரோமீட்டர் அற்பக் கருவியல்ல. வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ளும். புதிய எந்திரம் வந்தால் அஞ்சாமல் அருகே செல்லும். கற்றதற்குரிய கூலியைச் சங்கமாக நின்று கேளும். விண்ணுக்குப் போகும் ராக்கெட்டும் பட்டறை பெற்ற பிள்ளைதான்!