ஆளுக்கேற்ற மருந்து

மாந்தர் முகத்தால் வேறுபடுவர், குரலால் வேறுபடுவர். இவ்வேறுபாடுகளைக் கண்ணும் காதும் எளிதில் அறியும். ஆனால், புலன்களுக்கு எட்டாத வேறுபாடுகளும் மக்களிடையே உள்ளன. அவை மரபணுக்களில் அமைந்து, மருந்தை உட்கொள்ளும்பொழுது வெளிப்படுகின்றன. ஒருவரைக் காக்கும் மருந்தே மற்றொருவருக்குக் கேடாய் முடிதலும் உண்டு. ஆதலின், நோயை அறிந்து மருந்து கொடுத்தல் மட்டும் போதாது. மருந்தை ஏற்கும் உடலையும் அறிந்து கொடுத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தியவற்றுள் ஒன்று, மலேரியாவிற்குரிய பிரைமாக்குயின் என்னும் மருந்து. வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் பதுங்கிக் கிடந்து, பல திங்கள் கழித்தும் காய்ச்சலை எழுப்பவல்லது. அக்கிருமியை அழிக்கும் ஆற்றல் பிரைமாக்குயினுக்கு உண்டு. ஆயினும், அதனை உட்கொண்டோருள் சிலருக்குச் சில நாட்களில் சிறுநீர் கறுத்தது; இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை உண்டாயிற்று. ஏனையோருக்கு நேராத இத்தீங்கு இவர்களுக்கு மட்டும் ஏன் நேர்ந்தது?

அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இதற்கு விடை தேடினர். தீங்குற்றவரின் சிவப்பணுக்களைத் தீங்குறாதவர் உடலிற் செலுத்தி மருந்தைக் கொடுத்தபொழுது, அவ்வணுக்கள் சிதைந்தன. தீங்குறாதவரின் அணுக்களோ, தீங்குற்றவர் உடலிலும் சிதையாது நின்றன. குறை அணுவினுள்ளேயே இருந்தது என்பது இதனால் தெளிவாயிற்று. சிவப்பணுவைக் காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி அவர்களிடம் குறைந்திருத்தலை 1956-இல் வெளியிட்டனர். இச்சோதனைகள் சிறைக் கைதிகளைக் கொண்டு நடத்தப்பெற்றவை என்பதும் மறக்கத்தக்கதன்று.

உலகில் ஏறத்தாழ 40 கோடி மக்களுக்கு இந்நொதிக் குறை உண்டு என மதிப்பிடுவர். மலேரியா நெடுங்காலம் பரவியிருந்த நிலப்பகுதிகளிலேயே இது மிகுதி. எனவே, மருந்து எங்குத் தேவையோ அங்கேயே அதனால் வரும் இடரும் மிகுதியாயிற்று. பிரைமாக்குயின் கொடுக்குமுன் இந்நொதியை ஆய்ந்தறிதல் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

‘மிகச் சிலருக்கு வரும் தீங்கிற்காக அனைவரையும் ஆய்வது வீண் செலவன்றோ?’ என வினவுவோர் உளர். அவர்களுக்குத் தைவான் நாடு விடை கூறுகிறது. வலிப்பு நோய்க்குரிய கார்பமசெபின் என்னும் மருந்து சிலருக்குத் தோல் கொப்புளித்து உரியும் கொடுநோயை உண்டாக்கும். அதனால் உயிரிழந்தோரும் உளர். இத்தீங்கிற்கும் ஒரு குறிப்பிட்ட மரபணு வகைக்கும் உள்ள தொடர்பை 2004-இல் தைவான் அறிஞர் கண்டனர். பின்னர் 4,877 பேரை ஆய்ந்து, அம்மரபணு வகை உடையோருக்கு மட்டும் அம்மருந்தை விலக்கினர். முன்னைய கணக்கின்படி ஏறத்தாழ 10 பேருக்கு வந்திருக்க வேண்டிய அந்நோய், ஒருவருக்கேனும் வரவில்லை என 2011-இல் அறிவித்தனர். பத்து உயிர்களுக்கு நேரவிருந்த இடரைத் தடுத்த செலவை வீண் என்பது பொருந்துமோ?

இனத்தையோ நாட்டையோ கேட்டு மருந்து கொடுத்தால் போதும் என்பாரும் உளர். அதுவும் நிரம்பாது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த உடன்பிறந்தார் இருவருள், ஒருவனுக்கு ஜி-6-பி-டி குறைந்திருக்க, மற்றவனுக்குக் குறையாதிருத்தல் உண்டு. குடும்பத்துள்ளேயே இத்துணை வேறுபாடு இருக்க, இனப்பெயர் உடலின் இயல்பை எங்ஙனம் உறுதியாகக் கூறும்? ஆய்வே அதனைக் கூறவல்லது.

மரபணு ஒன்றே அனைத்தையும் முடிவு செய்வதன்று. வயது, உணவு, சிறுநீரகத்தின் வன்மை, உடன் உண்ணும் பிற மருந்துகள் ஆகியவையும் கருதத்தக்கவை. மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் நோயாளியின் நிலையையே திருவள்ளுவர் முதற்கண் வைத்தார். மரபணு ஆய்வு அந்நிலையை நுணுகி அறிய இக்காலம் அளித்த கருவியாகும். இடர் மிக்க மருந்துகளுக்கேனும் இவ்வாய்வு ஏழை எளியோர் நாடும் மருத்துவமனைகளிலும் கிடைத்தல் வேண்டும்.

மக்களுக்கும் இதில் கடமை உண்டு. தமக்கு நலந்தந்த மாத்திரையை அண்டை வீட்டாருக்கு எடுத்துக் கொடுத்தல் அன்பின் செயல்போல் தோன்றினும், அது அறியாமையே ஆகும். முன்பு ஒரு மருந்தால் தீங்கு நேர்ந்திருப்பின், அதனை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும். நோய் ஒன்றாயினும் உடல் வேறு என்பதை உணர்ந்தோரே மருந்தின் முழுப்பயனையும் பெறுவர்.