‘டிக்’ சத்தம் வந்தாலே கம்ப்ரஸர் போய்விட்டதா?

கேள்வி: வீட்டு ஃப்ரிட்ஜ் மூன்று நாளாகக் குளிரவில்லை. ‘உம்’மென்று உறுமி, ‘டிக்’ என்று நின்றுவிடுகிறது. மெக்கானிக் கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறார். வாங்கி 8 வருடம் ஆகிறது. பாகம் கிடைக்குமா, புதிதே வாங்கலாமா? கோழிக்குப் போடும் வெள்ளைக்கழிச்சல் மருந்தும் அதில்தான் இருக்கிறது.
– ஒரு வாசகி, கெங்குவார்பட்டி, தேனி மாவட்டம்

பதில்: முதலில் மருந்து. வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டியது. மூன்று நாள் வெப்பத்தில் கிடந்த குப்பியை நம்பிக் கோழிகளுக்குப் போட வேண்டாம். ஃப்ரிட்ஜ் மறுபடி குளிர்ந்தாலும் போன வீரியம் திரும்பாது. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் புதிதாக வாங்கவும். வீட்டில் யாருக்காவது இன்சுலின் இருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம்.

இனி ஃப்ரிட்ஜ். உறுமிவிட்டு ‘டிக்’ என்று நிற்பது, கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல் போவதன் அடையாளம். சூடேறியதும் ஓவர்லோடு என்ற சிறிய பாகம் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அந்தச் சத்தம்தான் ‘டிக்’. கம்ப்ரஸர் கெட்டாலும் இப்படி ஆகும். ஆனால் அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலே கெட்டாலும், வோல்டேஜ் குறைந்தாலும் இதேதான் நடக்கும். ரிலேவும் ஓவர்லோடும் சில நூறு ரூபாய்ப் பாகங்கள்; கம்ப்ரஸர் பல ஆயிரம். சின்னதைப் பார்க்காமல் பெரியதில் கை வைப்பது, ஃபியூஸைப் பார்க்காமல் போர்வெல் மோட்டாரைத் தூக்குவது போலத்தான்.

தோப்புகளில் மோட்டார் ஓடும் நேரத்தில் வீட்டு விளக்கு மங்குகிறதா என்று கவனிக்கவும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180க்குக் கீழே இறங்கினால் பல கம்ப்ரஸர்கள் கிளம்பத் திணறும். அதற்கு ஸ்டெபிலைசர்தான் மருந்து.

வோல்டேஜ் சரியாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லவும். கம்ப்ரஸரின் மூன்று பின்களில் எதற்கும் இரும்பு உடலோடு தொடர்பு காட்டக் கூடாது. பின்களுக்கிடையே எடுக்கும் மூன்று அளவுகளில் சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். இவை சரியென்றால் சுருள் நன்றாக இருக்கிறது. ரிலே, ஓவர்லோடு இரண்டையும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். வத்தலக்குண்டுக்கோ பெரியகுளத்துக்கோ வாங்கப் போகும்போது பழைய பாகத்தையும், ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் போட்டோவையும் கொண்டுபோகவும். கண்ணளவில் ஒன்றுபோல இருக்கும் ரிலே எல்லாம் ஒன்றல்ல.

அப்படியும் கிளம்பாவிட்டால் கம்ப்ரஸர் உள்ளே இறுகியிருக்கலாம். அப்போதும் அவசரப்பட வேண்டாம். பீரோவில் உத்தரவாத அட்டையைத் தேடவும். பல நிறுவனங்கள் கம்ப்ரஸருக்கு மட்டும் தனியாக 10 வருட உத்தரவாதம் தருகின்றன. 8 வருட ஃப்ரிட்ஜ் அதற்குள் வரக்கூடும். கேஸுக்கும் கூலிக்கும் தனியாகக் கேட்பார்கள். வெளி மெக்கானிக் குழாயை அறுத்துவிட்டால் அந்த உத்தரவாதமே மறுக்கப்படலாம். அதனால் கம்பெனி சர்வீஸுக்குப் பேசிய பிறகே குழாயில் கை வைக்க விடவும்.

ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்றிருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் உறவு, தீப்பிடிக்கும். அதற்கேற்ற கம்ப்ரஸரே போட வேண்டும். கேஸைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். குழாயைத் திறந்தால் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், எங்கே கசிந்தது என்று கேட்கவும். ஃப்ரிட்ஜ் கேஸ் மண்ணெண்ணெய் மாதிரி எரிந்து தீர்வதில்லை. ஃப்ரீஸர் ஐஸைக் கத்தியால் குத்திய வீடுகளில் ஓட்டை அங்கேயே இருக்கும்.

செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் பில் வாங்கவும். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

உத்தரவாதம் முடிந்து, கம்ப்ரஸரும் போய், உடம்பும் துருப்பிடித்திருந்தால் மட்டும் புதிது பார்க்கலாம்.